கிரிஸ்டலின் கோல் யார் கையில்?

இங்கிலாந்தின் ரேர் ஸ்டுடியோ தொண்ணூறுகளின் இறுதியில் 'டைனோசர் பிளானட்' என்றொரு வீடியோ கேமை உருவாக்கிக்கொண்டிருந்தது. நின்டெண்டோ 64 கருவிக்கான ஆட்டம். ஆடுகிறவர் ஏற்று நடத்த அதில் இரண்டு முதன்மைப் பாத்திரங்கள். அவர்களில் ஒருத்தி கிரிஸ்டல். கையில் மந்திரக்கோலோடு அலைந்து, சண்டையிட்டு, புதிர்களை விடுவிக்கிறவளாக அவளை அமைத்திருந்தார்கள். நின்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ அதைப் பார்த்துவிட்டு, தங்களுடைய 'ஸ்டார் ஃபாக்ஸ்' வரிசையில் இதைச் சேர்த்துவிடலாம் என்றார். 2002இல் 'ஸ்டார் ஃபாக்ஸ் அட்வென்ச்சர்ஸ்' என்ற பெயரில் கேம்கியூப் கருவிக்கு அது வந்தபோது, கிரிஸ்டலைத் தொடக்கத்தில் சிறிது நேரம் மட்டுமே நாம் இயக்க முடிந்தது. பிறகு அவள் ஒரு படிகத்துக்குள் அடைபட்டு, ஆட்டத்தின் பெரும்பகுதியை அங்கேயே கழிக்கிறாள். அவளுடைய கோலை எடுத்துச் சுழற்றுகிறவன் ஃபாக்ஸ் மெக்கிளவுட். படிகத்துக்குள் அவளை முதன்முறை காணும்போது அவன் சொக்கி நிற்கிறான். பின்னணியில் சாக்ஸபோன் இழைகிறது.

'ட்ரோப்ஸ் வெர்சஸ் விமன் இன் வீடியோ கேம்ஸ்' என்ற தொடரின் முதல் காணொளியைப் பெண்ணிய விமர்சகர் அனிதா சர்க்கீசியன் 2013 மார்ச்சில் வெளியிட்டபோது, இந்த ஆட்டத்திலிருந்துதான் தொடங்கினார். மிகச் சரியான தொடக்கம் அது. கிரிஸ்டலின் உடை குறைந்ததும் உண்டு. ஆனால் அது இரண்டாம்பட்சம். அவள் செய்துகொண்டிருந்த காரியங்கள் அவளிடமிருந்து பறிக்கப்பட்டு இன்னொருவன் கைக்குப் போயின என்பதே முதன்மையானது. வீடியோ கேம்களில் பெண்கள் சித்திரிக்கப்படும் விதம் குறித்த பெண்ணிய விமர்சனம் இந்த இடத்தில் காலூன்றி நின்றபோதெல்லாம் அதை யாராலும் அசைக்க முடிந்ததில்லை. இந்த இடத்தைவிட்டு நகர்ந்தபோது அது தடுமாறியது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாமல் அந்த விமர்சனத்துக்கு நியாயம் செய்ய முடியாது.

பிரித்துக் காட்டுவது எளிதாக இருக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2012இல் சர்க்கீசியன் இந்தத் தொடருக்காகக் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 6,000 டாலர் கேட்டார். ஏறத்தாழ 1,59,000 டாலர் வந்தது. கூடவே வசைகளும் மிரட்டல்களும் வந்தன. முதல் காணொளி வெளிவருவதற்கு முன்பே, அவருடைய முகத்தைச் சொடுக்கி அடித்துக் காயப்படுத்தும் ஓர் ஆட்டத்தை ஒருவர் இணையத்தில் போட்டார். 2014 ஆகஸ்டில் 'கேமர்கேட்' என்ற பெயரில் பெண் படைப்பாளிகள் மீதும் விமர்சகர்கள் மீதும் தொடங்கிய தாக்குதல் அவரையும் சுற்றிவளைத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் பேச வேண்டியிருந்தது. அரங்கில் படுகொலை நடக்கும் என்று மிரட்டல் வந்தது. உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியோடு உள்ளே வருவதை அந்த மாநிலச் சட்டப்படித் தடுக்க முடியாது என்று காவல்துறை சொன்னதும் அவர் உரையைக் கைவிட்டார்.

இதன்பின் அவருடைய வாதங்களில் குறை கண்ட யாரும் அந்தக் கும்பலின் பக்கம் நிற்பவர்களாகத் தெரிந்தார்கள். அவரை ஆதரித்தவர்களோ அவருடைய ஒவ்வொரு வரியையும் காக்க வேண்டியவர்களானார்கள். கொலை மிரட்டல் ஒரு வாதத்தைப் பொய்யாக்குவதில்லை, மெய்யாக்குவதும் இல்லை. அந்த வன்முறை கொடியது என்பதில் எனக்கு ஐயமே கிடையாது. அதனாலேயே அவருடைய வாதங்களை, ஒரு தேர்ந்த விமர்சகருக்குத் தரவேண்டிய முழுக் கண்டிப்போடு படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்துப் படிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முதலில் அவருடைய ஆகச் சிறந்த பகுதி. சிறைப்பட்ட இளவரசி என்ற வகைமை 1981இல் 'டாங்கி காங்' ஆட்டத்திலேயே இருக்கிறது. 1985இல் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அதை உலகம் முழுவதும் பரப்பியது. இதைச் சொல்ல ஒரு பெண்ணியவாதி தேவையில்லை, ஆடிய குழந்தைக்கே தெரியும். சர்க்கீசியன் கவனித்தது இன்னொன்று. இந்தப் பெண்கள் பலரும் இயல்பில் பலவீனமானவர்கள் அல்லர். கதை அவர்களைப் பலவீனமாக்குகிறது. 'செல்டா' வரிசையின் 'ஒகரினா ஆஃப் டைம்' ஆட்டத்தை (1998) எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு ஆண்டுகள் ஷீக் என்ற மாறுவேடத்தில் எதிரியின் கண்ணில் படாமல் உலவி, நாயகனுக்கு வழிகாட்டியபடி வருகிறாள் செல்டா. வேடத்தைக் கலைத்து இளவரசி உடையில் தோன்றிய சற்று நேரத்தில் பிடிபட்டுவிடுகிறாள். 'விண்ட் வேக்கர்' ஆட்டத்தில் டெட்ரா கடற்கொள்ளைக் கூட்டத் தலைவி. அவள்தான் செல்டா என்று தெரிந்ததும் உடையும் நிறமும் மாறி, கோட்டைக்குள் பத்திரமாக இருக்கும்படி சொல்லப்படுகிறாள். இரண்டு இடங்களிலும், இளவரசியாக அடையாளம் காணப்படும் அந்தக் கணத்திலேயே அவளுடைய ஆற்றல் போய்விடுகிறது. 1986இல் தொடங்கிய இந்த வரிசையில், முதன்மை ஆட்டமொன்றில் செல்டாவை நாயகியாக இயக்க 2024இல் வந்த 'எக்கோஸ் ஆஃப் விஸ்டம்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரை, சினிமாவில் கேமராவும் நாயகனும் பார்வையாளனும் ஒரே ஆண் பார்வையில் சேர்ந்துகொள்வதை விளக்கியது. வீடியோ கேம் விமர்சகர்கள் பலர் அதை அப்படியே கொண்டுவந்து பொருத்தினார்கள். ஆனால் வீடியோ கேமில் பார்வையோடு கையும் சேர்கிறது. திரையில் நடப்பது நாம் பொத்தானை அழுத்துவதால் நடக்கிறது. யாரை நகர்த்தலாம், யாரிடம் பேசலாம், எதைச் செய்தால் மதிப்பெண் கிடைக்கும், எதைச் செய்தால் ஆட்டமே முடிந்துபோகும் என்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். ஆகவே இந்தக் கலைவடிவத்தில் விமர்சகர் படிக்க வேண்டிய முதல் பிரதி விதிகள்தாம். இளவரசிக் காணொளிகளில் சர்க்கீசியன் விதிகளைப் படித்தார். 2005இல் வந்த 'சூப்பர் பிரின்சஸ் பீச்' ஆட்டத்தில் ஒருவழியாகப் பீச் இளவரசி மாரியோவைக் காப்பாற்றப் புறப்படுகிறாள். ஆனால் அவளுக்குத் தரப்பட்ட ஆயுதங்கள் அவளுடைய மனநிலைகள். கண்ணீர் பீறிட்டு நெருப்பை அணைக்கிறது, கோபம் பொங்கித் தடைகளை எரிக்கிறது. நாயகி கிடைத்துவிட்டாள் என்று பட்டியலில் குறித்துக்கொள்கிறவருக்கு இது தட்டுப்படாது. அவளால் என்ன செய்ய முடிகிறது என்று கேட்கிறவருக்குத்தான் தட்டுப்படும்.

அந்தப் பகுதியின் இரண்டாம் காணொளி இன்னும் கூர்மையானது. காப்பாற்றப் போன பெண்ணை, அவளே கெஞ்சிக் கேட்க, நாயகன் கொல்ல வேண்டிவரும் ஆட்டங்களை அதில் தொகுத்திருந்தார். 2006இல் வந்த 'ப்ரே' ஆட்டத்தில் நாயகன் டாமியின் காதலி ஜென் ஓர் அரக்க உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறாள். அவளை அவன் கையாலேயே கொன்றாக வேண்டும். ஆட்டத்தில் முன்னேற வேறு வழி இல்லை. 2012இன் 'பார்டர்லேண்ட்ஸ் 2' ஆட்டத்தில் ஏஞ்சல் தன்னைக் கொல்லும்படி கேட்கிறாள். ஏஞ்சல் தன் சாவைத் தானே திட்டமிடுகிறாள், ஆகவே அவளை ஜென்னோடு சேர்க்கக்கூடாது என்று வாதிடலாம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் தனித்தனிக் கதைகளில் நியாயமாகத் தெரியும் ஒரு முடிவு, ஒன்றையொன்று அறியாத பல ஸ்டுடியோக்களில் அதே வடிவத்தில் திரும்பத் திரும்ப வந்தால், அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. பட்டியல் போடுகிறார், ஆழமாகப் படிப்பதில்லை என்று அவரைக் குறை சொன்னவர்களுக்கு இந்தக் காணொளியே பதில். சில உண்மைகள் பட்டியலாகச் சேர்ந்த பிறகே கண்ணில் படுகின்றன.

அதே பட்டியல் முறை அவரைக் கைவிட்ட இடமும் உண்டு. எதிர்ப்பாளர்கள் இன்றும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த இடத்தைத்தான். 2014 ஜூனில் வெளியான, பின்னணி அலங்காரமாகப் பெண்கள் என்ற காணொளியில் 'ஹிட்மேன்: அப்சல்யூஷன்' ஆட்டத்தின் ஒரு காட்சியை அவர் காட்டினார். ஆடை களையும் நடன விடுதி. நாயகன் ஒரு கூலிக் கொலையாளி. ஆடுகிறவர் நடனப் பெண்களைக் கொன்று உடல்களை இழுத்துப் போடுகிறார். இந்தப் பெண்கள் இப்படிக் கையாளப்படுவதற்காக மட்டுமே அங்கே வைக்கப்பட்டிருக்கிறார்கள், அதில் ஆடுகிறவருக்கு ஒரு வக்கிர இன்பம் கிடைக்கிறது என்பது அவருடைய வாதம்.

எதிர்த்தவர்கள் மூன்று விஷயங்களைச் சொன்னார்கள். குறிவைக்கப்படாதவர்களைக் கொன்றால் இந்த ஆட்டத்தில் ஸ்கோர் குறையும் என்பது முதலாவது. இது உண்மை, சர்க்கீசியன் இதைச் சொல்லியிருக்க வேண்டும். விதிகளைப் படிக்கிறேன் என்று வந்த விமர்சகர், தம் வாதத்துக்கு எதிராக நிற்கும் விதியை விட்டுவிடக்கூடாது. அவர் காட்டிய காட்சி, ஆட்டம் அதை அனுமதிக்கிறது என்பதற்குத்தான் சான்று. அதற்கு அழைக்கிறது என்பதற்குச் சான்றல்ல. 'மட்டுமே' என்ற அழுத்தம் அங்கேயே விழுந்துவிடுகிறது. ஆண்களையும் அதே ஆட்டத்தில் அப்படியே கொல்லலாம், இழுக்கலாம் என்பது இரண்டாவது வாதம். இது பாதி உண்மை. அந்த ஆட்டத்தில் ஆண்களுக்கு எத்தனையோ வேலைகள்: காவலாளி, போலீஸ்காரன், சமையல்காரன், முதலாளி. அந்த விடுதியில் பெண்களுக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே வேலை. கொலை பொதுவாக இருக்கலாம். பாத்திரங்கள் பங்கிடப்பட்ட விதம் பொதுவானதல்ல. அவர் தம் வாதத்தை இந்தப் பங்கீட்டின் மேல் கட்டியிருந்தால் ஸ்கோர் வாதம் அதைத் தொட்டிருக்காது. ஒப்பனை அறையில் அந்தப் பெண்கள் தங்கள் துயரங்களைப் பேசிக்கொள்கிறார்கள், எனவே அவர்கள் வெறும் அலங்காரமல்ல என்பது மூன்றாவது. இந்த வாதம் எதிர்ப்பாளர்களுக்கு உதவவில்லை என்பது என் எண்ணம். அந்தத் துயரம் நம் காதில் விழுகிறது. அதன்பேரில் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கொல்லப்படப்போகிற விடுதி முதலாளி எவ்வளவு கெட்டவன் என்று காட்டுவதோடு அதன் பயன் தீர்ந்துவிடுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த அடுத்த காணொளியில் சர்க்கீசியன் பிடித்தது இந்த நூலைத்தான்: பெண்மீதான வன்கொடுமையைச் சூழலுக்கு இருட்டு நிறம் பூசப் பயன்படுத்துவது. அங்கே அவர் மீண்டும் உறுதியான தரையில் நிற்கிறார்.

அனுமதிப்பது, தண்டிப்பது, பரிசளிப்பது என்ற மூன்றையும் பிரித்துப் பார்த்தால் எவ்வளவு தெளிவு கிடைக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ராக்ஸ்டார் நிறுவனத்தின் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' (2010) ஆட்டத்தில், ஒரு பெண்ணைக் கட்டித் தண்டவாளத்தில் கிடத்தி, ரயில் ஏறி அவள் சாவதைப் பார்த்தால் ஒரு சாதனைப் பட்டம் கிடைக்கும். பழைய ஊமைப் பட வில்லன்களை நினைவூட்டும் குறும்பு அது என்பார்கள். இருக்கட்டும். யாரோ ஒருவர் அதை யோசித்து, பெயரிட்டு, புள்ளிகள் ஒதுக்கி ஆட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். இங்கே நடப்பது ஆடுகிறவரின் சொந்த விருப்பம் என்று சொல்லித் தப்பிக்க இடமில்லை. ஹிட்மேன் காட்சிக்குச் செலவிட்ட கோபத்தையெல்லாம் இந்த ஒரு விதியின் மேல் வைத்திருந்தால், பத்தாண்டு வாக்குவாதம் வேறு திசையில் போயிருக்கும்.

உடலும் உடையும் பற்றிய விமர்சனத்தில் எனக்குத் தயக்கங்கள் அதிகம். 'பேயொனெட்டா' (2009) இங்கே வழக்கமான போர்க்களம். அவளை வடிவமைத்தவர் மாரி ஷிமசாக்கி என்ற பெண். அவளுடைய உடை அவளுடைய கூந்தலால் ஆனது; பெரிய தாக்குதலுக்குக் கூந்தலை ஏவும்போது உடல் வெளித்தெரிகிறது. அவள் வலிமையின் உச்சத்தில் இருக்கும் தருணமே அவள் அதிகம் காட்டப்படும் தருணம். பெண் விமர்சகர்களே இதில் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். நான் ஆட்டத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறேன். கேமரா குற்றவாளிதான், இடையிடையே வரும் காட்சிகளில் அது எங்கே போய் நிற்கிறது என்பதற்கு எந்தச் சமாதானமும் செல்லாது. ஆனால் ஆடுகிறவர் கைக்கு வரும் பேயொனெட்டா அலங்காரப் பொருளல்ல. அவளை நன்றாக ஆட விரல்களுக்கு நீண்ட பயிற்சி வேண்டும். அந்தத் திறமையின் மகிழ்ச்சி அவளுடையதாகவும் ஆடுகிறவருடையதாகவும் ஒருசேர அமைந்திருக்கிறது. உடை அளவை மட்டும் கணக்கெடுக்கும் விமர்சனம் இந்த இரண்டாவது பாதியைத் தொலைத்துவிடுகிறது.

'மெட்டல் கியர் சாலிட் 5'இன் குவயட் பாத்திரத்தில் அப்படிச் சிக்கல் ஏதும் இல்லை. அவள் தோலால் மூச்சுவிடுகிறாள், அதனால்தான் அரைகுறை ஆடை. காரணம் தெரியும்போது விமர்சித்தவர்கள் வெட்கப்படுவார்கள் என்றார் ஆட்டத்தை இயக்கிய ஹிதேயோ கோஜிமா. 2015இல் ஆட்டம் வந்தது, காரணம் தெரிந்தது. ஆனால் அதே வரிசையில் 2004இல் வந்த மூன்றாம் ஆட்டத்தில், ஒளிச்சேர்க்கை செய்யக்கூடிய 'தி எண்ட்' என்ற கிழவர் இருக்கிறார். அவரும் குவயட்டைப் போலவே மறைந்திருந்து சுடுபவர். அவர் முழு உடையோடுதான் வருகிறார். உயிரியல் காரணம் கிழவருக்கு உடையைக் கழற்றவில்லை.

'டூம் ரைடர்' வரிசையின் நாயகி லாரா கிராஃப்டின் கதையில் வேறொரு பாடம் இருக்கிறது. 1996இல் டெர்பி நகரத்தின் கோர் டிசைன் ஸ்டுடியோ அவளை உருவாக்கியபோது அவள் மார்பளவு விளம்பரத்துக்குத் தீனியாயிற்று. ஆனால் ஆட்டத்துக்குள் அவள் யாருக்கும் கட்டுப்படாதவள். 2013இன் மறு உருவாக்கத்தில் ரியானா பிராட்செட் கதை எழுதினார். உடல் இயல்பாயிற்று, உடை பொருத்தமாயிற்று. கூடவே ஒன்று நுழைந்தது. ஆடுகிறவர்கள் லாராவாக உணர்வதைவிட அவளைப் பாதுகாக்க விரும்புவார்கள் என்று ஆட்டத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர் 2012இல் சொன்னார். நாம் தவறிழைக்கும்போது கூரிய கொம்புகள் அவள் கழுத்தைத் துளைக்கின்றன. கேமரா அவசரப்படாமல் அதைக் காட்டுகிறது. படத்தை வைத்துப் பார்த்தால் 1996இலிருந்து பெரும் முன்னேற்றம். ஆடுகிறவருக்கும் அவளுக்குமான உறவை வைத்துப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இனி, விமர்சனம் தோற்ற இடம். இந்தச் சித்திரிப்புகள் ஆடுகிறவர்களின் மனத்தை நஞ்சாக்குகின்றன என்ற கூற்று சர்க்கீசியனின் தொடர் நெடுக உண்டு. தன்னை எதுவும் பாதிக்காது என்று நம்புகிறவர்தாம் அதிகம் பாதிக்கப்படுகிறார் என்றும் ஓரிடத்தில் சொன்னார். இப்படிச் சொல்லிவிட்டால் மறுப்பே சான்றாகிவிடுகிறது, இது வாதமாகாது. ஜெர்மனியில் 824 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வு, வீடியோ கேம் ஆடும் பழக்கத்துக்கும் பாலினப் பாகுபாட்டு மனப்போக்குக்கும் இடையே காலப்போக்கில் வளரும் தொடர்பைக் காணவில்லை. எதிர்த்திசையில் 2016இல் இத்தாலியில் 154 பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்வு வந்தது. அதன் தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள் அந்த முடிவு நிற்காது என்றார்கள். தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்பதே நேர்மையான முடிவு.

இந்த முடிவைப் பெண்ணிய விமர்சனத்தின் சவக்குழி என்று சிலர் கொண்டாடினார்கள். எனக்கு அது பெரும் விடுதலையாகவே தெரிகிறது. ஒரு நாவல் வாசகனைக் கெடுத்ததா என்று ஆய்வகத்தில் சோதித்துவிட்டு நாம் நாவலை விமர்சிப்பதில்லை. பெண்ணை மனிதப் பிறவியாகக் கற்பனை செய்யத் தெரியாத ஒரு படைப்பு, யாரையும் கெடுக்காவிட்டாலும் குறைபட்ட படைப்புதான். அதைச் சொல்ல உளவியலாளரின் சான்றிதழ் வேண்டியதில்லை. அந்தச் சான்றிதழைத் தேடிப் போனதால்தான் விமர்சகர்கள், எதிராளி எளிதில் வெல்லக்கூடிய களத்துக்குத் தாங்களாகவே இழுபட்டுப் போனார்கள்.

விதிகளையும் பங்கீட்டையும் பற்றிய வாதத்துக்குச் சான்றுகள் அதன்பின் குவிந்தன. 1983 முதல் 2014 வரை வந்த ஆட்டங்களிலிருந்து 571 பெண் பாத்திரங்களை எடுத்து ஆராய்ந்த 2016 ஆம் ஆண்டு ஆய்வு, பாலுணர்வு மிகைச் சித்திரிப்பு தொண்ணூறுகளில் உச்சம் தொட்டுப் பிறகு குறைந்ததைக் கண்டது; பெண்கள் துணைப் பாத்திரங்களாகவே நிற்பது மாறவில்லை. 2023இல் 50 ஆட்டங்களின் உரையாடல்களை ஆராய்ந்தவர்கள், ஆண் பாத்திரங்கள் பெண்களைவிட இரண்டு மடங்கு பேசுவதாகக் கணக்கிட்டார்கள். உடை நீண்டிருக்கிறது, பேச்சு நீளவில்லை.

இது யாருடைய முடிவு என்ற கேள்விக்கும் ஸ்டுடியோக்களிலிருந்தே பதில் வந்தது. 2014இல் யூபிசாஃப்ட், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் நடக்கும் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி'யில் பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்குப் பெண் பாத்திரம் கிடையாது என்றது. அசைவுகளையும் உடைகளையும் புதிதாகச் செய்ய வேலை இரட்டிப்பாகும் என்று காரணம் சொன்னது. அதே வரிசையின் முந்தைய ஆட்டமொன்றில் அசைவூட்டப் பணியில் இருந்த ஜோனதன் கூப்பர், அது ஓரிரு நாள் வேலை என்று வெளிப்படையாகச் சொன்னார். கொலையாளிகளைப் பற்றிய ஆட்டம். அந்தப் புரட்சியின் மிகப் புகழ்பெற்ற கொலையாளி, 1793இல் புரட்சித் தலைவர்களில் ஒருவரான மாராவைக் குத்திக் கொன்ற ஷார்லட் கோர்டே என்ற பெண். அதே வரிசையில் 2018இல் வந்த 'ஒடிசி'யில் கசாண்ட்ரா என்ற பெண்ணே ஒரே நாயகியாக இருக்கவேண்டும் என்று படைப்புக் குழு விரும்பியதையும், பெண்ணை மட்டும் வைத்தால் விற்காது என்று மேலிடம் மறுத்ததையும் 2020 ஜூலையில் புளூம்பெர்க் வெளிப்படுத்தியது. அந்த மேலிடத்தின் மையமாக இருந்த செர்ஜ் ஹாஸ்கோ, நிறுவனத்துக்குள் பாலியல் துன்புறுத்தல் புகார்கள் வெடித்த அந்த மாதத்திலேயே பதவி விலகினார். ரயட் கேம்ஸ் நிறுவனம், தன் பெண் ஊழியர்கள் தொடுத்த பாகுபாட்டு வழக்கில் 2021 டிசம்பரில் 10 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. திரைக்குள் பெண்ணுக்கு என்ன செய்ய இடமிருக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் அறைகளில் பெண்களுக்கு என்ன இடமிருந்தது என்பதை இவை காட்டுகின்றன. சர்க்கீசியன் தொடங்கிய காலத்தில் இந்தச் சான்றுகள் அவர் கையில் இல்லை. இருந்திருந்தால் உளவியல் வாதத்தின் பக்கமே அவர் போயிருக்கத் தேவையில்லை.

தொடரின் எல்லை ஒன்றையும் சொல்ல வேண்டும். அதன் பார்வை அமெரிக்க, ஜப்பானியப் பெருநிறுவன ஆட்டங்களில் குவிந்தது. நிறம், வர்க்கம், புலம்பெயர்வு ஆகியவை ஓரமாகவே வந்துபோயின. தன்னைப் போன்ற உருவத்தைத் திரையில் கண்டால் போதும் என்று ஆடுகிறவர்கள் எளிமையாக நினைப்பதில்லை என்று ஆய்வாளர் ஏட்ரியன் ஷா 2014இல் எழுதிய நூல் நல்ல திருத்தம்.

நமக்கு நெருக்கமான ஓர் ஆட்டத்தில் இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்கலாம். டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', எண்பதுகளின் இறுதியில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெண்ணின் கதை. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுகப் படைப்பு விருதைப் பெற்றது. படத்தை மட்டும் பார்க்கிறவர்கள் அடுக்களையில் நிற்கும் பெண், கணவன், மகன் என்று அடுக்கி, இதைவிடப் பழகிப்போன வார்ப்பு உண்டா என்று கேட்கலாம். ஆனால் ஆட்டம் நம்மிடம் கேட்பது வேறு. அவளுடைய அம்மாவின் சமையல் குறிப்பேடு கறைபட்டும் கிழிந்தும் இருக்கிறது. விடுபட்ட படியை நாம் ஊகித்தாக வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஏறும் என்பது இங்கே புதிர். அதை விடுவிக்க வெண்பாவின் அறிவு நமக்கு வேண்டும். அவளாக யோசிக்காமல் அடுத்த கட்டம் கிடையாது. பிற்பகுதியில் ஆட்டம் மகன் கவின் கைக்குப் போகிறது. கிரிஸ்டலின் கோல் கை மாறியதுபோல இல்லை இது. கவின் அந்தக் குறிப்பேட்டைத் தட்டுத்தடுமாறிப் படிக்கிறான், அம்மாவுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று அவனுக்கு அப்போதுதான் உறைக்கிறது. அவளுடைய வேலையின் கனம் அவன் கையில் ஏறுகிறது. கதையில் வெண்பாவின் வெளியுலக வாழ்க்கை மெலிதாகவே தொடப்படுகிறது என்பது எனக்குக் குறைதான்; ஆனால் அவளை யாரும் பரிசாக வெல்வதில்லை.

பெருநிறுவன உலகில் அடுத்த சோதனை ராக்ஸ்டாரிடமிருந்தே வரப்போகிறது. 2013இன் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5'இல் இயக்கக்கூடிய மூவரும் ஆண்கள். ஆடை களையும் நடன விடுதியில் காவலாளி பார்க்காத நேரம் பார்த்து நடனப் பெண்ணைத் தொட வேண்டும் என்பதை ஒரு சிறு விளையாட்டாகவே அமைத்திருந்தார்கள். கேம்ஸ்பாட் தளத்தில் கரோலின் பெட்டிட் 10க்கு 9 மதிப்பெண் கொடுத்துவிட்டு, பெண் வெறுப்பைப் பற்றிச் சில வரிகள் எழுதியதற்கே அவரை வேலையிலிருந்து நீக்கச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடந்தது. ஆறாம் பாகத்தின் முதல் டிரெய்லர் 2023 டிசம்பரில் வந்தது. அதில் லூசியா என்ற பெண் இரு முதன்மைப் பாத்திரங்களில் ஒருத்தி. இதை வெற்றி என்று இப்போதே அறிவிக்க நான் தயாராக இல்லை, அவளுடைய உடையைப் பார்த்துத் தோல்வி என்று அறிவிக்கவும் தயாராக இல்லை. அவளை இயக்கும்போது நம்மால் என்னென்ன செய்ய முடியும், மற்றொரு முதன்மைப் பாத்திரமான ஜேசனை இயக்கும்போது என்னென்ன செய்ய முடியும் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அவள் தெருவில் கடந்துபோகும் மற்றப் பெண்களிடம் ஆட்டம் நமக்கு எந்தெந்தப் பொத்தான்களைத் தருகிறது, எதற்குப் புள்ளி வைத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.